படத்தில் விட்டுப்போன அப்பா

இந்த முறை யார் பேச்சையும் கேட்பதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். மகள் பதினொன்றாம் வகுப்பில் கணிதம்தான் எடுக்க வேண்டும். படிவத்தை நானே பூர்த்தி செய்துவிட்டேன், அவள் கையெழுத்துதான் பாக்கி. அவளோ வரலாறுதான் வேண்டும் என்று மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஊரிலுள்ள லிஃப்ட்டெல்லாம் என் சொல் கேட்டு ஏறி இறங்கும். வீட்டில் ஏறி இறங்குவது நான்தான்.

தாஜா பண்ணிப் பார்ப்போம் என்று, அவளுக்குப் பிடித்த நாவலிலிருந்து எடுத்த படத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போனேன். பதினாறு வயதானால் யாருக்கு என்ன வேலை என்பதை ஒரு குழு தீர்மானிக்கிற ஊர். அதை எதிர்க்கிற ஒரு பெண். நாவலை மகள் நாலு தடவை படித்தவள். நான் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. படித்தவன் மாதிரி நாலு வார்த்தை பேசினால் மனசு இளகுவாள், அந்தச் சூட்டோடு கையெழுத்து வாங்கிவிடலாம். வீடு திரும்பியதும், நூலகத்தில் வேலை பார்க்கும் என் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டேன், படத்தில் என்ன குறை என்று.

"அவ்வளவு சண்டையிலயும் அந்தப் பொண்ணுக்குத் தலை கலையலங்க. பயப்பட வேண்டிய நேரத்துல காதலிக்கிறா. பெரிய குறை, அவ அப்பாவை விட்டுட்டாங்க. புத்தகத்துல குழுத் தலைவரே அவர்தான். படத்துல யாரோ ஒரு முறைக்கிற ஆளு."

போதாதா எனக்கு? சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தேன். அப்பா கட்டத்துக்கு வந்தபோது தட்டைத் தள்ளி வைத்துவிட்டே பேசினேன்.

"அவர் கெட்டவர் இல்லம்மா. பாசத்துலதான் அவளுக்காக முடிவு பண்றார். அவளை ஒரு வார்த்தை கேக்கல பாரு, அதான் கொடுமை. அதைப் போய் விட்டுட்டாங்களே."

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு ஆழமா அந்தப் புத்தகத்தை யாருமே படிச்சதில்லப்பா."

மனைவி ஒரு புதுப் படிவத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வரலாறு என்று எழுதி, மகள் கையெழுத்தும் போட்டிருந்தாள்; அப்பா கையெழுத்துதான் பாக்கி. சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு மகள் என்னோடு ஒரு மணி நேரம் பேசினாள். அரைகுறையாகப் படமெடுத்த அந்த இயக்குநருக்கு மனசார நன்றி சொன்னேன். எனக்கு விஷயம் எடுத்துக்கொடுத்த மனைவிக்கு அதைவிடப் பெரிய நன்றி. அந்த நன்றியில் போன வாரம் புத்தகத்தையே வாங்கிப் படித்தேன்.

அதில் அந்தப் பெண்ணுக்கு அப்பாவே கிடையாது. நாலு தடவை படித்த என் மகளுக்கு அது தெரியாதா என்ன?