பாரிசுக்கு றப்பர் பூட்ஸ்

"பாரிசுக்குப் போறவனுக்கு உது என்னத்துக்கடா?"

மரியம்மா மகனின் சூட்கேசுக்குள் கையை விட்டு, முழங்கால்வரை நீண்ட கறுப்பு றப்பர் பூட்ஸ் ஒன்றை வெளியே இழுத்துப் பிடித்திருந்தார். வயது எண்பத்தைந்து. கண் மங்கல், காது பாதிதான். ஆனால் ஒளித்துவைத்த சாமானைக் கண்டுபிடிப்பதில் விமான நிலையத்து நாய்களுக்கே வகுப்பெடுக்கக் கூடியவர்.

"மழையம்மா," என்றார் அகஸ்ரின். "அங்கை இப்ப சரியான மழை."

மழை உண்மை. இடம்தான் பொய். அகஸ்ரின் போகவிருந்தது பாரிசுக்கு அல்ல, ஆபிரிக்காவின் மேற்குக் கடலோரமாகக் காடு மண்டிக் கிடக்கும் காபோன் நாட்டுக்கு. அங்கே மழைக்காலம் தொடங்கி ஒரு மாதமாகியிருந்தது.

"அப்ப சின்னவனும் நனைவான்தானே. அவனுக்கும் ஒரு சோடி வாங்கு. ஒன்பதாம் சைஸ்."

"ஓமம்மா," என்றார் அகஸ்ரின். வேறு என்ன சொல்வது? சின்னவன், அதாவது தம்பி நீக்கிலாஸ், இருபத்தெட்டு வருடமாகக் காபோனில் ஒரு மிஷன் சேமக்காலையில் மண்ணுக்கடியில் கிடக்கிறான் என்றா?

தொண்ணூற்றேழில் ஏஜென்சிக்காரன் அண்ணனையும் தம்பியையும் கனடாவுக்கென்று ஏற்றி, இடையில் லிப்ரவில் நகரத்தில் ஓர் அறையில் இறக்கிவிட்டான். "ரெண்டே நாள்" என்றுவிட்டுப் போனவன் இரண்டு மாதம் திரும்பி வரவில்லை. அந்த இரண்டு மாதமும் மழை. தோய்த்த உடுப்புக் காயவில்லை, சுவர் காயவில்லை, படுக்கிற பாய்கூடக் காயவில்லை. கடைசியில் நீக்கிலாசுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டான், இருபத்திரண்டு வயதில். மிஷன் கன்னியாஸ்திரிகள் மழையோடு மழையாகப் புதைத்தார்கள். மறுநாள் ஏஜென்சிக்காரன் ஒரு ரிக்கற்றோடு வந்தான். அகஸ்ரின் ஏறிவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

ரொறன்ரோவுக்கு வந்து ஊரிலிருந்த அம்மாவுக்கு முதல் ரெலிபோன் கோல் எடுத்தபோது, "சின்னவன் எங்கை?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். அப்பா செத்து ஆறு மாதம்கூட ஆகாத நேரம். "அவன் பிரான்சுக்குப் போட்டானம்மா" என்று அகஸ்ரினின் வாய் சொல்லிவிட்டது.

சொன்னது ஒரு வினாடி. காப்பாற்றியது இருபத்தெட்டு வருடம். நீக்கிலாசுக்குப் பாரிசில் ஒரு ரெஸ்ரோறன்ற் வேலை எடுத்துக் கொடுத்தார். அகதிப் பேப்பர் மட்டும் கிடைக்காமல் பார்த்துக்கொண்டார். கிடைத்தால் அவன் அம்மாவைப் பார்க்க வரவேண்டுமே! அகதி, வக்கீல், நீதிபதி மூவரும் அகஸ்ரினே என்பதால் வழக்கு அருமையாக இழுபட்டது. அம்மாவை ஸ்பொன்சரில் கூப்பிட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்ட பிறகு பாடு இன்னும் கூடிப்போனது. மாதம் ஒருமுறை, ரொறன்ரோ மில்லிக்கன் பகுதி வீட்டின் கராஜில் காருக்குள் ஏறி இருந்து, பிரான்ஸ் நம்பர் விழுகிற ஒரு போன் அப்பில், மூக்கைப் பிடித்துக்கொண்டு தம்பியாகப் பேசினார். மேலே அறையில் அம்மா போனை எடுப்பார்.

"உங்கடை பொய்க்கு இருபத்தெட்டு வயசாகுது. இனி அதுக்கு ஒரு கலியாணம் பேசுங்கோ," என்பாள் மனைவி கரோலின். அவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

போன மாதம் மிஷனிலிருந்து கடிதம் வந்தது. மழையில் சேமக்காலையின் ஒரு பக்கம் சரிகிறதாம். அங்குள்ள குழிகளைத் தோண்டி, பெயர் தெரியாத எலும்புகளை எல்லாம் ஒரே கிடங்கில் போடப் போகிறார்களாம். உரியவர்கள் நவம்பர் முடிவதற்குள் வந்து குழியைக் காட்டினால் தனியாக எடுத்துவைத்துப் பெயர் பதித்த கல் நடுவார்களாம். மரச் சிலுவைகள் எப்போதோ உக்கிப்போய்விட்டன. சுவரிலிருந்து மூன்றாவது குழி நீக்கிலாசுடையது என்று தெரிந்தவர் உலகத்தில் அகஸ்ரின் ஒருவர்தான். ஒருமுறை விட்டுவிட்டு வந்தாயிற்று. இரண்டாம் முறையும் விடுவதா?

ஒன்பதாம் சைஸ் பூட்ஸை வாங்கியே விட்டார். கடையில் அதைக் கையில் தூக்கிப் பார்த்தபோது, தம்பியைப் புதைக்கையில் அவன் காலில் ஒன்றுமே இருக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பில் போடுகிற பெண் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

அடுத்து ஊசி வந்தது. காபோனுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டே ஆகவேண்டும். அகஸ்ரினுக்குக் கை வீங்கி, மூன்று நாள் காய்ச்சல்.

"பாரிசுக்கும் ஊசியோ?" என்றார் மரியம்மா.

"இப்ப எல்லாருக்கும் போடவேணும் அம்மா. புதுச் சட்டம்."

அந்தப் புதுச் சட்டம் அன்று பின்னேரமே தொலைபேசி வழியாக வேரோனிக்கா அக்காவிடம் போய்ச் சேர்ந்தது. கோயிலில் மரியம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிற அவர், பேத்தியின் கலியாணத்துக்கு அடுத்த வாரம் உண்மையாகவே பாரிசுக்குப் போகிறவர். நேரே டொக்டரிடம் ஓடி, "எனக்கு ஏன் ஊசி போடேல்லை?" என்று சண்டை பிடித்துவிட்டு, அதே கோபத்தோடு இங்கே வந்து இறங்கினார்.

"டொக்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறார் அகஸ்ரின். பாரிசுக்கு அப்பிடி ஒரு ஊசியே இல்லையாம்!"

அகஸ்ரின் கரோலினைப் பார்த்தார். கரோலின் கூரையைப் பார்த்தாள்.

"அது அக்கா... என்ரை பிளேன் ஆபிரிக்காவாலை சுத்திப் போகுது."

"ரொறன்ரோவிலையிருந்து பாரிசுக்கு ஆபிரிக்காவாலையோ? உமக்கு ரிக்கற் போட்டவன் ஆர்?"

"ஏன், கனடாவுக்கு வரேக்கையும் அவன் அந்தப் பக்கத்தாலைதானே சுத்தி வந்தவன்," என்றார் மரியம்மா. "விடு வேரோனிக்கா. தேத்தண்ணியைக் குடி."

தப்பினேன் என்று அகஸ்ரின் மூச்சு விடுவதற்குள் வேரோனிக்கா அக்காவுக்கு மனம் இளகிவிட்டது.

"சரி, எப்பிடியோ வந்து சேருறீர்தானே. தம்பியையும் கூட்டிக்கொண்டு கலியாணத்துக்கு வாரும். அந்தப் பிள்ளையை நான் ஒருக்காலும் கண்டதில்லை. ரெண்டு கதிரை போட்டு வைக்கிறன். அம்மாவும் வீடியோவிலை உங்கள் ரெண்டு பேரையும் ஒண்டாப் பார்க்கலாம்!"

அன்றிரவு அகஸ்ரின் சாப்பிடவில்லை. இனி ஒரே வழிதான். கலியாணத்துக்கு வர ஏலாது என்று நீக்கிலாசே சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கராஜுக்குப் போய், காருக்குள் ஏறி, மூக்கைப் பிடித்தார்.

"அம்மா, நான் நீக்கிலாஸ். எனக்கு அண்டைக்கு வேலை. வரமாட்டன் எண்டு வேரோனிக்கா அக்காட்டைச் சொல்லுங்கோ."

அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போயிருந்த கரோலின் திரும்பி வந்து றிமோட்டை அமத்தினாள். கராஜ் கதவு பன்றி கத்துவது போலக் கத்திக்கொண்டு மேலே போனது.

"என்னடா சத்தம்?"

"இது... பக்கத்துக் கடைக் கதவம்மா."

"அதுக்கும் எண்ணெய் விடச் சொல்லு. எங்கடையும் உப்பிடித்தான் கத்தும்," என்றார் மரியம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சின்னவன், இஞ்சை கேள். அண்ணை வாறான். அவனுக்கு மழையிலை நனைஞ்சா நெஞ்சு கட்டும். தலையைத் துடைக்கச் சொல்லு."

"ஓமம்மா."

"உன்னை விட்டிட்டு வந்தது அவனுக்கு இண்டைக்கும் மனசிலை கிடந்து அரிக்குது. எனக்கு வாய் திறந்து சொல்லமாட்டான். உன்னிலை பிழை இல்லை அண்ணை எண்டு நீ சொல்லிப்போடு. நீ சொன்னாத்தான் அவன் கேப்பான்."

அகஸ்ரின் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிடிக்கத் தேவையில்லாமல் மூக்கு தானாகவே அடைத்துக்கொண்டது.

"சொல்லுவியோ?"

"சொல்லுறன் அம்மா."

போனை வைத்துவிட்டு ஸ்ரியறிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். கரோலின் வந்து கதவைத் திறந்து, பக்கத்து சீற்றில் இருந்தாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் கோயில் ஒஃபிசுக்குப் போனார். இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளன்று அவர் காபோனில் தம்பியின் குழியடியில் நிற்பார். அதே நாளில் இங்கேயும் தம்பிக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இத்தனை வருடமும் அம்மாவுக்குப் பயந்து அதைக்கூடச் செய்யவில்லை.

ஒஃபிசில் இருந்த றஜிதா கொப்பியை விரித்தாள். "பேரைச் சொல்லுங்கோ அங்கிள்."

"நீக்கிலாஸ். என்ரை தம்பி." இருபத்தெட்டு வருடத்தில் வீட்டுக்கு வெளியே முதல் தடவையாகச் சொல்கிறார். "பிள்ளை, ஒரு உதவி. பூசையிலை பேரை வாசிக்கவேண்டாம் எண்டு பங்குச் சுவாமியிட்டைச் சொல்லும். அம்மா முன்வாங்கிலை இருப்பா. தெரிஞ்சா தாங்கமாட்டா."

றஜிதா எழுதவில்லை. பேனையை வைத்துவிட்டு ஒரு பக்கத்தைப் பின்னுக்குத் தட்டினாள். பிறகு அலுமாரியைத் திறந்து போன வருடக் கொப்பியை எடுத்தாள். அதற்கு முந்திய வருடத்தையும் எடுத்துப் பார்த்தாள்.

"அங்கிள், நீக்கிலாசுக்கு ஏற்கெனவே பூசை எழுதிக் கிடக்கு. மரியம்மா அம்மம்மா கனடாவுக்கு வந்த வருஷத்திலையிருந்து ஒவ்வொரு வருஷமும் எழுதுவிக்கிறா," என்றாள் றஜிதா. "பேரை மட்டும் வாசிக்கவேண்டாமாம். மூத்த மகன் கோயிலிலை இருப்பானாம், அவனாலை தாங்கேலாதாம்."