செய்துகாட்டி சேஷனும் ஒரு வாளித் தண்ணீரும்

சொல்லித் தொலைப்பவர்களை மன்னித்துவிடலாம். காதைக் கொஞ்சம் கடன் கொடுத்துவிட்டு மனசை வேறெங்காவது மேயவிட்டால் போயிற்று. எழுதித் தொலைப்பவர்களையும் மன்னிக்கலாம். படிக்காமல் விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் செய்தே காட்டித் தொலைப்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறதே, அதனிடமிருந்து மட்டும் தப்ப வழியில்லை. 'செய்துகாட்டி' என்று அதற்குப் பெயர் வைப்போம். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே பேசும். பேச்சு உங்களோடு இருக்கும். கண் உங்கள் வீட்டுச் சாமான்கள்மேல் இருக்கும். ஏனென்றால் சோதனைக்கு வேண்டிய எதுவும் அதன் சொந்தப் பொருளாக இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. தம்ளர் உங்களுடையது, டார்ச் உங்களுடையது, உடைந்தால் அள்ளிப் போடும் முறமும் உங்களுடையது. அறிவு மட்டும் அதனுடையது.

அந்த அறிவும் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். மலையாளத் தலைநகரில், கரமனை அக்ரஹாரத்தில் குடியிருக்கும் சேஷனைக் கேட்டுப் பாருங்கள், நியூட்டனிடமிருந்து என்பார். உண்மையில் அது, லீவுக்கு வந்த பெங்களூர்ப் பேரன் கௌசிக் மறந்து விட்டுப்போன ஐந்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், பாடத்துக்குப் பாடம் கடைசியில் வரும் 'மீண்டும் பார்ப்போம்' பகுதியிலிருந்து வந்தது. சர்க்கார் ஆபீஸில் இருந்த காலமெல்லாம் ஒரு ஃபைலைக்கூட விசை கொடுத்து நகர்த்தியிராத மனிதர், ஓய்வு பெற்ற பிறகு விசையே கதி என்று ஆகிவிட்டார். பேரன் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான். தாத்தா ஐந்திலேயே தங்கிவிட்டார். அதைத் தாண்டி யாராவது கேட்டால், "அதெல்லாம் பெரிய கிளாஸ் விஷயமாக்கும்" என்று கதவைச் சாத்திவிடுவார்.

அவர் மனைவி ஜெயலக்ஷ்மி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. காலையில் கோலத்தைப் போட்டு நிமிர்ந்து, "அப்பாடா, சூரியன் வந்துடுத்து" என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும்.

"சூரியன் எங்கே வந்தது? அது இருந்த எடத்துலயே இருக்கு. கரமனையாக்கும் திரும்பி அதுக்கு முன்னால போய் நிக்கறது."

"சரி, கரமனை வந்துடுத்து. காப்பி ஆறறது, நீங்களும் வாங்கோ."

விடுவாரா? எலுமிச்சம்பழத்தின் நடுவே கோணி ஊசியைச் சொருகி அதைப் பூமியாக்கி, டார்ச்சைச் சூரியனாக்கி, பால்காரரில் தொடங்கி கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்வரை எல்லாருக்கும் இரவும் பகலும் வரவழைத்துக் காட்டினார். பூமி அன்று மதியமே ரசத்தில் விழுந்தது. சாயங்காலம் கரண்ட் போனபோது சூரியனுக்குச் செல் தீர்ந்திருந்தது.

தம்பானூரிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள், சேஷன் விட்டுவிடுவார். பிரேக் போட்டதும் முன்னாலிருப்பவர் மடியில் போய் விழுந்து, எழுந்திருக்கும் முன்பே கேட்பார்: "இப்ப எதனால விழுந்தேன்னு மனசிலாச்சோ?" மடிக்காரருக்கு மனசிலாகியிருக்கும். இனர்ஷியா என்று அல்ல.

இதையெல்லாம் ஜெயலக்ஷ்மி பொறுத்துக்கொண்டாள். ஓணத்தன்று மட்டும் பொறுக்க அவள் தயாராக இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் பூக்களப் போட்டியில் மேலத்தெருவுக்காக வருஷா வருஷம் பூப்போடுகிறவள் அவள்தான். வருஷா வருஷம் கீழத்தெரு ரெஷ்மாவின் கூட்டம்தான் முதல் பரிசைக் கொண்டுபோகும். காரணம், ஜெயலக்ஷ்மி முதலில் அரிசிமாவில் புள்ளி வைத்துக் கோலம் இழுத்துவிட்டு அதன்மேல்தான் பூவை நிரப்புவாள். "மாமீ, இது கோலமல்லே?" என்று ஒவ்வொரு நடுவரும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். கோலத்துக்குப் பரிசு வாங்காமல் கண்ணை மூடுவதில்லை என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

இந்த வருஷம் நடுவர் ஞானசிகாமணி. களியக்காவிளைப் பக்கத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கோலத்தோடு பகை இல்லாதவர். புள்ளிகள் நேராக விழுந்திருந்தன. வாடாமல்லியும் செண்டும் தும்பையும் சேர்ந்து ஒரு சக்கரமாகப் பூத்திருந்தன. எதிரே, சங்கம் போட்ட பந்தலின் மறுகோடியில் இருந்த ரெஷ்மாவின் களத்தைவிட இது எந்த விதத்திலும் குறையவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆபத்து. அதை, கொட்டைப்பாக்கு வாங்கிவரச் சொல்லி ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பியிருந்தாள்.

திருவோணத்தன்று எந்தக் கடை திறந்திருக்கும்? பாவம், பூக்கவலையில் அதை மறந்துவிட்டாள். போன வேகத்தில் சேஷன் திரும்பி வந்தார். அதே நேரம் பார்த்து ஞானசிகாமணி குனிந்து, "நல்லா போட்டிருக்கிய அம்மா! பாத்தா சுத்துத மாதிரியே இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார்.

சேஷன் காதில் 'சுத்துத' விழுந்தது. சட்டைக் கை மடங்கியது.

"மாமீ, சதிச்சு! போச்சு!" என்று கத்தினாள் ஜெயலக்ஷ்மிக்குப் பூக்கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு லிபி. "மாமா வாளிய எடுக்கியாரு!"

பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர் வாளி.

"ஏன்னா, வேண்டாம். மதி, போதும். கையெடுத்துக் கும்பிடறேன்."

"சித்த சும்மா இரு ஜெயா. சார், சுத்தறதுன்னு சொன்னேளே, சுத்தினா என்ன ஆகும்னு இதோ காமிச்சுத் தரேன்."

சுற்றினார். உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே சுற்றினார். வாளி காலடியிலிருந்து கிளம்பித் தலைக்கு மேலே ஏறி மறுபடியும் காலடிக்கு வந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பந்தலே கைதட்டியது. அங்கே நிறுத்தியிருந்தால் அவர் விஞ்ஞானி. ஆனால் செய்துகாட்டிக்குச் செய்தால் மட்டும் போதுமா? விளக்க வேண்டாமா? வாளி உச்சிக்குப் போனதும் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"இப்ப நன்னா கவனிக்கணும். வாளி தலைகீழா இருக்கு, ஆனாலும் ஜலம்..."

ஜலத்துக்கு வாக்கியம் முடியும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. பாதி சேஷன் தலையில். மீதி சக்கரத்தில். வாடாமல்லி ஓடிப்போய்ச் செண்டோடு கலந்தது. தும்பை மிதந்து லிபியின் செருப்புக்குள் புகுந்தது. ஜெயலக்ஷ்மிக்கு அழுகைகூட வரவில்லை.

ஞானசிகாமணி எழுந்தார். தேற்றுவதற்கு என்றுதானே நினைக்கிறீர்கள்?

"நீங்க நிறுத்தினதுதான் தப்பு, சாரே. இஞ்ச தாங்க. நான் காட்டுகேன்."

வாளி மறுபடி நிறைந்தது. வாத்தியார் நிறுத்தவில்லை. நிறுத்தாததோடு வேகத்தையும் கூட்டினார். கூட்டக் கூட்ட வேட்டி நுனி எழும்பியது, மூக்குக்கண்ணாடி எகிறியது, பந்தல் மூங்கிலில் உட்கார்ந்திருந்த காக்கை நமக்கேன் வம்பு என்று பறந்துபோய்க் கரமனை ஆற்றைத் தாண்டித்தான் இறங்கியது. பிளாஸ்டிக் கைப்பிடிக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? கழன்றது. வாளி பந்தலின் குறுக்கே போய் ரெஷ்மாவின் களத்து நடுவில் தொம்மென்று உட்கார்ந்தது.

"அய்யோ, எண்டெ பூக்களம்!"

"கண்டேளா! நேர்கோடு! விட்டா நேர்கோட்டுலதான் போகும்!" என்று நனைந்த தலையோடு குதித்தார் சேஷன். வேறு யாரும் குதிக்கவில்லை.

வாத்தியார் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் சேதம் சமம். ஓணச் சாப்பாட்டுக்கு இலை போடதுக்குள்ள புதுசா போடுங்க. பாத்துச் சொல்லுகேன்."

ஜெயலக்ஷ்மிக்கு உயிர் வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். புள்ளி வைத்தாள், இழுத்தாள். விரல் பறந்தது. அவசரத்தில் புள்ளி வைத்துப் போட இந்தத் தலஸ்தானத்திலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பாதிக் களம் நிரம்பும்போது, வேண்டாத வேலையாக, எதிரே பார்த்தாள். ரெஷ்மா பூவைக் கைநிறைய அள்ளி, சாணி தெளிப்பதுபோல் கொட்டிக்கொண்டிருந்தாள்.

நமக்கென்ன என்று குனிந்துகொண்டாள் ஜெயலக்ஷ்மி. மறுபடி நிமிர்ந்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். மூடிய கண்ணுக்குள்ளும் அந்தக் கோணல் ஓரம் தெரிந்தது.

"அப்படிக் கொட்டப்படாதுடீ கொழந்தே. மொதல்ல ஓரம் கட்டிண்டுதான் உள்ளே வரணும்."

"எங்ஙனெ, மாமீ?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. அதுவும் கீழத்தெருவிலிருந்து.

"தள்ளிக்கோ. இதோ காமிச்சுத் தரேன்."

"மாமீ, நம்ம களம்!" லிபி தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"வரேண்டி. இந்த ஒரு சுத்து மட்டும்."

ஒரு சுற்று இரண்டாயிற்று. ஓரம் முடிந்து இதழ், இதழ் முடிந்து நடு. ஜெயலக்ஷ்மி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது இலை போட்டுவிட்டிருந்தார்கள். ஞானசிகாமணி இரண்டையும் சுற்றி வந்து கீழத்தெருவின் முன்னால் கைகூப்பினார். "ஓரத்தப் பாருங்க, என்ன ஓரம்! இதுக்குத்தான் முதல் பரிசு." பரிசுக் குத்துவிளக்கை ரெஷ்மா வாங்கிக்கொண்டாள். மேலத்தெருவின் களம் பாதிப் பூவும் பாதிப் புள்ளியுமாகக் கிடந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு சேஷன் பக்கத்தில் வந்தார். "ஜெயா, நீ தோத்தது எதனாலன்னாக்க..."

ஜெயலக்ஷ்மி அவரை ஒரு பார்வை பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, சோதனை எதுவும் செய்யாமலே அவருக்கு ஒரு முடிவு புரிந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரிப்புக்கு நடுவே, மாமி தன் களத்தை முடித்துவிட்டு அந்தப் பக்கம் போயிருக்கலாமே என்று தோன்றியதா இல்லையா? வாத்தியார் பிளாஸ்டிக் வாளிக்குப் பதில் பித்தளைத் தூக்கை எடுத்திருந்தால் பிடி கழன்றிருக்காது, நானாக இருந்தால் முழங்கையை மடக்காமல் இப்படி வீசியிருப்பேன் என்று, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுத்தீர்களா இல்லையா? வாயெடுத்தது போகட்டும். அந்தப் பக்கத்து ஆள் இன்னும் குடித்து முடிக்காத காப்பித் தம்ளரை நோக்கி உங்கள் கை ஏன் போகிறது?