குழி காய்ந்தால் நிச்சயதார்த்தம்

மண்ணூர்,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய முப்பிடாதி மாமா அவர்களுக்கு, பேச்சிராஜ் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் முழங்கால் சேற்றில் சுகமாக நிற்கிறேன். அங்கே நீங்கள், அத்தை, செல்வலட்சுமி எல்லோரும் காய்ந்த தரையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு வர முடியாததைப் போனில்தான் சொல்ல வந்தேன். பம்ப் சத்தத்தில் பாதிதான் உங்களுக்குக் கேட்டது போலிருக்கிறது. "விருப்பமில்லன்னா நேராச் சொல்லிரணும் மாப்ள" என்று வைத்துவிட்டீர்கள். அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மாமா, எனக்கு முழு விருப்பம். குழிக்குத்தான் விருப்பமில்லை. ஒரகடம் போகிற ரோட்டில் ஒரு புதுக் கம்பெனிக்கு அஸ்திவாரம் போடுகிறோம். தூணுக்குத் தோண்டிய குழியில் தண்ணீர். அதை இறைத்து, தரை காய்ந்து, கான்கிரீட் விழுந்தால்தான் பம்புக்காரனான எனக்கு லீவு என்று எஞ்சினியர் யதிராஜன் சார் சொல்லிவிட்டார். இது என்ன பெரிய வேலை என்று நினைத்து உங்களிடம் புதன்கிழமை என்று நாள் சொன்னேன். காலையெல்லாம் இறைத்தால் மத்தியானம் அடி தெரியும், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடி இடுப்பளவு நிற்கும், பெரிய பம்ப் கேட்டேன், அது வந்ததும் தண்ணீரும் பெரிதாக வந்தது, ஊற்றை மண் மூட்டையால் அடைக்கச் சொன்னார் சார், மூட்டை பிரிந்து மண் போய்ப் பம்பை அடைத்தது, கடைசியில் பூஜை போட்டுத் தேங்காய் உடைத்தோம், மூடிகள் அதிலேயே மிதந்தன.

மதிலுக்கு அப்பால் காலி மனை என்று நினைத்து அங்கேதான் ஹோஸைப் போட்டிருந்தோம். நேற்று ஹோஸ் நழுவிவிட்டதா என்று எட்டிப் பார்த்தால், அங்கேயும் ஒரு குழி, அங்கேயும் ஒரு பம்ப். அந்தப் பம்பின் ஹோஸ் மதிலேறி எங்கள் சிமெண்ட் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டுகிற பென்னலூர்க்காரர் அந்தோணிராஜ் பக்கத்தில் நின்றிருந்தார். "ஒரு வாரமா உன் தண்ணியத்தான் இறைச்சிக்கினு கீறேனா?" என்று கேட்டார். இரண்டு பேரும் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

இரண்டு எஞ்சினியர்களிடமும் சொன்னோம். முதலில் அவர்கள் ஹோஸை எடுக்கட்டும் என்று இவர் சொல்கிறார், அவரும் அதையே சொல்கிறார். ஆகவே மாமா, இவர்கள் சமாதானமாகும்வரை நிச்சயதார்த்தத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். செல்வலட்சுமி வேறு மாதிரி நினைத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. வேறொரு இடத்தில் பேசிவிடாதீர்கள். அத்தைக்கு என் வணக்கம். செல்வலட்சுமிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நீங்களே பார்த்து நல்லவிதமாகச் சொல்லவும்.

உங்கள் மருமகனாக வேண்டிய,
பேச்சிராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். தபாலில் போடுமுன் அந்தோணிராஜ் இதை வாங்கிப் படித்தார். இரண்டு ஹோஸையும் சேர்த்துக் கட்டி ரோட்டோரக் கால்வாயில் விட்டார். "சாருங்களாண்ட கேட்டா ஆவாது. நீ போய்ப் பொண்ணப் பாத்துகினு வா, ரெண்டு பம்பையும் நான் ஓட்டிக்கிறேன்" என்றார். இரண்டே நாளில் குழி காய்ந்தது, கான்கிரீட் விழுந்தது, லீவும் கிடைத்தது. புதன்கிழமையே இருக்கட்டும். கடிதத்தை நானே கையில் கொண்டு வருகிறேன். உங்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வாசலிலேயே படித்துவிட்டு, உள்ளே வரலாமா என்று சொல்லுங்கள். நின்றுகொண்டிருப்பேன்.