ஃபெஸ் நகரச் சந்தில் கோஸ்தான் அண்ணன்

மலாக்கா மாநிலத்தில் பின்பக்கம் நசுங்காத காடி ஒன்று ஓடுகிறதென்றால், அதன் சொந்தக்காரர் கோஸ்தான் அண்ணனை இன்னும் சந்திக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் காருக்குக் காடி என்றும், வண்டியைப் பின்னால் எடுப்பதற்குக் கோஸ்தான் என்றும் பெயர். பத்து பெரண்டாம் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் லாரிகளுக்குக் கைகாட்டியே ஓய்வு பெற்றவர் அண்ணன். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், யார் ரிவர்ஸ் கியர் போட்டாலும் சோற்றுக் கையோடு ஓடி வந்துவிடுவார்.

"வா, வா, வா… இன்னும் நெறைய எடம் இருக்கு லா… வா!"

டமார்.

"ஒங்க காடி கொஞ்சம் நீளம், தம்பி" என்பார், துளி வருத்தமில்லாமல்.

போன வருஷம் எங்கள் தாமான்காரர்கள் சிலர் மொரோக்கோவுக்குச் சுற்றுலா போனோம். அண்ணனும் அவர் மனைவி சரசு அக்காவும் வந்தார்கள். ஃபெஸ் நகரத்தின் மதில் சூழ்ந்த பழைய பகுதிக்குள் நுழைந்ததும் அண்ணன் முகம் தொங்கிப்போனது. எல்லாம் ஒடுங்கிய சந்துகள். காடி உள்ளே வரவே முடியாது.

"காடியே இல்லாத ஊருக்கு எதுக்குடா தம்பி கூட்டிட்டு வந்த?" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

சொல்லி வாய் மூடவில்லை, தோல் மூட்டைகளைச் சுமந்து ஒரு கோவேறு கழுதை வந்தது. பின்னால் ஒருவர், "பாலாக்! பாலாக்!" என்று கத்தினார். வழிவிடச் சொல்கிறார் என்றார் வழிகாட்டி. அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. அன்று மதியம் முழுக்க ஃபெஸ் நகரத்துக் கழுதைகளுக்கெல்லாம் அவர்தான் போக்குவரத்து அதிகாரி. அவர் கைகாட்டி ஒரு கழுதை செருப்புக் கடைக்குள் தலையை விட்டது. "கட கொஞ்சம் முன்னுக்கு வந்திருக்கு லா" என்று கடைக்காரரிடம் தமிழிலேயே விளக்கினார்.

வம்பு அதற்குப் பிறகுதான். அக்காவுக்கு முட்டி வீங்கிவிட்டது. "இனிமே ஒரு அடிகூட முடியாதுங்க" என்று ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். பஸ் நிற்கும் மதில் வாசலோ தூரம். வழிகாட்டி ஒரு தள்ளுவண்டிக்காரரைப் பிடித்து வந்தார். அக்காவைக் காலை நீட்டி உட்காரவைத்துக் கொஞ்சம் போயிருப்போம், எதிரே மூட்டைகளோடு இன்னொரு கழுதை. அது பின்னால் நடக்காது என்று கழுதைக்காரர் கையை விரித்துவிட்டார். பின்னால் இருந்த வளைவுவரை வண்டிதான் கோஸ்தான் போகவேண்டும். இரு பக்கமும் சொரசொரப்பான சுவர். உரசினால் வண்டி விளிம்பில் இருந்த அக்காவின் முட்டி அவ்வளவுதான்.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம்.

"ஐயோ சாமி, இவரு வேணாம்! வேற யாராச்சும் சொல்லுங்க!" என்று அலறினார் அக்கா.

அண்ணன் கை காட்டவில்லை. வண்டியை ஒட்டி நின்று, அக்காவின் முட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை நுழைத்துக்கொண்டார். "மெதுவா… மெதுவா…" என்றார். அதுவரை அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

வளைவுக்கு வந்தபோது அக்காவின் முட்டியில் ஒரு கீறல் இல்லை. அண்ணனின் புறங்கையில் தோல் உரிந்து இரத்தம் வழிந்தது.

"கையை எடுக்க வேண்டியதுதானே? அறிவிருக்கா ஒங்களுக்கு?" அக்கா அழுதுகொண்டே திட்டினார். திட்டிக்கொண்டே துப்பட்டாவால் கட்டுப் போட்டார்.

பஸ்ஸில் அந்தக் கையை மடியில் வைத்துப் பிடித்தபடியே அக்கா தூங்கிப்போனார். பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்த எனக்கு, அந்த மனிதர்மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது. கை மரத்துப்போயிருக்கும். ஹோட்டல் வரும்வரை அவர் அதை அசைக்கவே இல்லை.