எட்டாம் பக்கத்துக்கு அடுத்தது பதினேழு

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று உங்கள் தங்கை கேட்கச் சொன்னாள். இதை நானே என் கையால் எழுதுகிறேன். இந்த வரிக்கு வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, ஆனாலும் களைப்பே தெரியவில்லை.

நூலகத்து மாலை வகுப்பில் ஏழு மாதம் எழுதப் படிக்கக் கற்றேன். பாடப்புத்தகம் முடிந்ததும், நாற்பத்திரண்டு வருஷமாகப் பெட்டியின் அடியில் வைத்திருந்த நாம் வேலை பார்த்த அச்சகத்தில் அடித்த சித்திரக்கதையை எடுத்தேன். செவ்வாய்க்குப் போன கேப்டன் கதை. உங்களுக்கு மறந்திருக்காது, அதில்தான் உங்கள் வேலை போனது.

படம் பார்த்தே அது எனக்கு மனப்பாடம். கேப்டனும் இயந்திர மனிதனும் ராக்கெட்டில் கிளம்புகிறார்கள், போன இடத்தில் கேப்டன் மூச்சு முட்டி விழுகிறார், பிறகு எழுந்து சிரித்துக்கொண்டே ராக்கெட்டை ஓட்டுகிறார், கடைசியில் தலைக்கவசத்தோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார், மனைவி அழுகிறாள், சந்தோஷத்தில்தான் என்று நினைத்திருந்தேன்.

பதினோரு நாள் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எட்டாம் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், ஒரு நட்சத்திரத்துக்குள் 'பதினேழு' என்று இருந்தது மச்சான். பக்க எண்ணை எழுத்தால் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நான் அதை வானத்து அலங்காரம் என்று நினைத்துவிட்டேன். பின்னைக் கழற்றி வரிசைப்படி வைத்துப் பார்த்தேன். கேப்டன் முதலில் ஓட்டுகிறார், பிறகுதான் விழுகிறார், எழுந்திருக்கவே இல்லை. வாசலில் நிற்பது அவருடைய கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்த இயந்திர மனிதன். "அவர் வரவில்லை அம்மா. இதை மட்டும் உங்களிடம் கொடுக்கச் சொன்னார்" என்கிறது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று அச்சகத்தில், எட்டெட்டுப் பக்கமாக மடித்த நான்கு கட்டுகளைப் பின் அடிப்பதற்காக மேஜையில் வரிசையாக வைத்தவன் நான். படத்தை மட்டும் பார்த்து, விழுந்தவர் எழுந்து ஓட்டுவதுதானே முறை என்று மூன்றாவதைத் தூக்கி இரண்டாவதன் இடத்தில் வைத்தேன். ஐயாயிரம் பிரதியும் திரும்பி வந்தது. "யாருய்யா இதைப் பண்ணது? செத்தவன் ராக்கெட் ஓட்டுறான்!" என்று முதலாளி கத்தியபோது நீங்கள் கையில் மையைத் துடைத்துக்கொண்டே, "நான்தான் முதலாளி, அச்சுல மாறிப்போச்சு" என்றீர்கள். மச்சான், நானும் அதை நம்பிவிட்டேன்! அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும், "எங்க மச்சான் அச்சடிச்சா பொணமும் எழுந்து வண்டி ஓட்டும்" என்று சொல்லாமல் நான் கை கழுவியதில்லை. உங்கள் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னாலும் சொன்னேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

உங்கள் தங்கையிடம் போய்ச் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அடுக்குறதுல மாறாம அச்சுல எப்படிங்க மாறும்? இது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அடிப்பாவி, ஏன் சொல்லலை?"

"எழுத்து தெரிஞ்ச ஆளுன்னு முதலாளிகிட்ட பொய் சொல்லி உங்களைச் சேர்த்துவிட்டது யாரு? உண்மை தெரிஞ்சா ரெண்டு பேர் வேலையும் போயிருக்கும். நீ வாயைத் திறக்காதேன்னு அண்ணன்தான் சொன்னாரு."

நாற்பத்திரண்டு வருஷம், மச்சான். எப்படிப் பொறுத்தீர்கள்? என்னை மன்னித்தீர்களா இல்லையா என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். எனக்கென்று வரும் முதல் கடிதம் அதுவாக இருக்கட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். யாரிடமும் கொடுக்காமல் நானே படித்துக்கொள்வேன்.

முழங்கால் வலி விட்டு, நீங்கள் பல்லாண்டு நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உங்கள் தங்கை உங்கள் பழைய கடிதம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். காலையிலிருந்து பார்க்கிறேன், ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. எனக்கு அச்செழுத்து மட்டும்தான் தெரிகிறது. எழுத வேண்டாம் மச்சான். நேரில் வந்து திட்டுங்கள்.