சல்லிக் கடற்கரையில் என் வேட்டி

புது மாப்பிள்ளைக்கு ஆங்கிலமும் தெரிந்திருந்தால் அவனைக் கடவுளாலும் காப்பாற்ற முடியாது. மட்டக்களப்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்த எனக்கு இரண்டு தகுதியும் இருந்தன.

இரண்டாம் உலக யுத்தகாலம். கலியாணமான கையோடு லீவு போட்டுவிட்டு மனைவி ராசாத்தியின் ஊரான சல்லிக்குப் போயிருந்தேன். கரையோரமாக நடந்து முனைப்பாறையில் ஏறினால், திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் போர்க்கப்பல்களைப் பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கரையால போக ஏலாது தம்பி. ஆமிக்காரர் நிக்கினம்" என்றார் மாமனார்.

"இங்கிலீசிலை கதைச்சா விடுவினம் மாமா" என்றேன். (அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.)

ராசாத்தியையும் கூட்டிக்கொண்டு போனால், பாறைக்குக் கீழே முள்ளுக்கம்பி வேலி.

"இஞ்சாருங்கோ, திரும்புவம்" என்றாள் ராசாத்தி.

"கம்பி எதிரிக்கு அடிச்சது. நான் அரசாங்க உத்தியோகத்தன்" என்று சொல்லிக் குனிந்து நுழைந்தேன். நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். வேட்டி வர மறுத்துவிட்டது. கம்பியில் மாட்டி, கடற்காற்றில் கொடிபோலப் படபடத்தது. சட்டையோடு நின்று நான் அதை இழுக்க இழுக்க, அது இன்னும் உயர எழும்பி ஆடியது.

துவக்கோடு இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஓடிவந்தார்கள். கப்பல்களுக்குச் சைகை காட்டினாயா என்று ஒருவன் ஆங்கிலத்தில் அதட்டினான். நான் படித்த ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள்தான் அந்நேரம் மிஞ்சியிருந்தன.

"யெஸ் சேர்."

"ஜப்பான்காரனுக்கா?"

"யெஸ் சேர்."

துவக்கு என் நெஞ்சுக்கு நேரே வந்தது. கால்களைப் பின்னிக்கொண்டு நின்றேன். (அவற்றை மறைக்கத்தான் ஒன்றுமில்லையே.)

அப்போதுதான், மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற ராசாத்தி வேலியண்டை வந்தாள். வேட்டியைக் காட்டினாள், என் கால்களைக் காட்டினாள், பிறகு தெளிவாகச் சொன்னாள்:

"மை ஹஸ்பண்ட் டொங்கி."

சிப்பாய்கள் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார்கள். நான் கழுதைதான் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஒருவன் சிரித்துச் சிரித்து மணலிலேயே குந்திவிட்டான். அவளுக்கு ஒரு பெட்டி பிஸ்கட்டும் எனக்குக் கிழிந்த வேட்டியும் தந்து, ஊரே பார்க்க ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"கப்பல் வடிவா தெரிஞ்சுதோ தம்பி?" என்று மாமனார் மிக மரியாதையாகக் கேட்டார்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரனும் போய்விட்டான். அவன் ஒப்புக்கொண்ட உண்மை மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் ராசாத்தி, "இவர்தான் என்ர ஹஸ்பண்ட்" என்று தொடங்க, குசினிக்குள் அடுப்படியில் இருந்த பிள்ளைகள் ஒரே குரலில் அந்த வசனத்தை முடித்துவைத்தார்கள். அப்படியும் கலியாணம் நடந்தது. மருமகன் மரியாதை தெரிந்தவர். இன்றுவரை அவர் மட்டும் என்னை "டொங்கி சேர்" என்றுதான் சொல்கிறார்.