நான் செத்துக்கொண்டிருந்த பத்து நாட்கள்

நான் சாகப்போகிற செய்தியை என் மனைவியிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவளைக் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அது. சாவு பக்கத்தில் வந்தால்தான் ஆண்பிள்ளைக்குத் துணிச்சல் வரும்போலிருக்கிறது.

விஷயம் இதுதான். ஐம்பது வயது தாண்டிய தம்பதிகளை ஜோடியாகப் பரிசோதிக்கிறோம் என்று எங்கள் பேட்டை ஆஸ்பத்திரியில் ஒரு திட்டம் வைத்தார்கள். ரத்தம், எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், எல்லாம் ஒரே நாளில். அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் ஜோடியாக வெளியே போய் ரொம்ப நாளாகியிருந்ததால் நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். படிவத்தில் என் போன் நம்பரை முதலில் எழுதினாள், தன்னுடையதை இரண்டாவதாக. எங்கள் வீட்டில் எனக்கு முதலிடம் கிடைத்தது அந்த ஒரு காகிதத்தில்தான்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, ஆபீசில் இருக்கும்போது போன் வந்தது. நான் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் செய்வதில் தப்புக் கண்டுபிடிப்பது ஆபீசில் என் வேலை. வீட்டில் அந்த வேலையை அவள் பார்த்துக்கொள்கிறாள்.

"சார், செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுத்தீங்கல்ல?" என்றது ஒரு பெண் குரல்.

"ஆமாம்மா."

"வயித்துல ஒரு கட்டி தெரியுது சார். கொஞ்சம் பெருசாவே இருக்கு. டாக்டர் உடனே வந்து பாக்கச் சொன்னாங்க."

"ஐயோ!" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

வயிற்றுக்குள் ஒரு கட்டி. வீட்டுக்குள் ஒரு கட்டினவள். இரண்டில் எதை முதலில் சமாளிப்பது?

டாக்டரிடம் நான் போகவில்லை. போனால் நிச்சயமாகிவிடும். போகாதவரை அது வெறும் போன்தான். இதைக் கோழைத்தனம் என்பீர்கள். நான் அதற்குத் தியாகம் என்று பேர் வைத்துக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான் குடும்பம். இருக்கிற கொஞ்ச நாளையாவது அவள் அழாமல் கழிக்கட்டும், அதுவரை அவளை ராணி மாதிரி வைத்துக்கொள்வோம் என்று தீர்மானித்து வீட்டுக்குப் போனேன். போனதும் அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினேன்.

"என்ன தப்பு பண்ணீங்க?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணலையே."

"பின்ன எதுக்குத் துடைப்பத்தைப் புடுங்குறீங்க?"

"நீ உக்காரும்மா. நாள் பூரா தபாலாபீஸ் கவுண்டர்ல உக்காந்துட்டு வந்திருக்க."

"நாள் பூரா உக்காந்துட்டு வந்தவள மறுபடியும் உக்காரச் சொல்றீங்க. வேலை போயிடுச்சா?"

"இல்லம்மா."

"உங்கக்கா வர்றாங்களா?"

"யாரும் வரல. எனக்கு உன் மேல பாசம் வந்திருக்கு."

"அது எப்பப் போகும்?"

அன்றைக்கும் மறுநாளும் இதே குறுக்கு விசாரணைதான். மூன்றாம் நாள் சனிக்கிழமை. அன்று அரைநாள் வேலை முடிந்து வந்தவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் பாத்திரம் தேய்ப்பதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது போலக்கூட இருந்தது. என் நடிப்பு ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

அதன் பிறகு எனக்குத் தடையே இல்லை. காலையில் டீ போட்டேன். சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்வதை நிறுத்தினேன். சாயங்காலம் அவள் காலை அமுக்கிவிட்டேன். எத்தனையோ தடவை அவள் காலைப் பிடித்திருக்கிறேன். அமுக்கிவிட்டது அதுதான் முதல் தடவை. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தேன்.

"இதெல்லாம் இப்ப எதுக்கு எனக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லதுதானே?"

"நல்லதுதான்," என்று என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப நீங்களும் இங்க வாங்க. அரிசிக்கு எவ்ளோ தண்ணின்னு தெரியுமா? இந்த வாஷிங் மெஷின்ல எந்தப் பட்டன்னு தெரியுமா? உங்க மாத்திரை எந்த டப்பாவுல இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்."

தெரியாது என்றேன். உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். சாகப்போகிறவனுக்கு எதற்கு வாஷிங் மெஷின் பாடம் என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காட்டிக்கொள்ளாமல் கற்றுக்கொண்டேன். அழுகிற வேலையெல்லாம் பாத்ரூமில்தான். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஒரு கவலைதான் பாக்கி. எனக்குப் பின் அவளுக்கு யார்? எங்கள் பதிப்பகத்தில் அட்டைப்படம் போடுகிறவன் என் நண்பன். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அவன் பேரே பென்சில் ஆகிவிட்டது. அவன் மனைவி எனக்குத் தங்கச்சி முறை. என் மனைவிக்கும் அவளுக்கும் அப்படி ஒரு நெருக்கம். அவனிடம் தனியாகச் சொல்லி என் மனைவியை ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு ஒரு திட்டம் போட்டேன்.

"தெருமுனையில புதுசா ஒரு ரெஸ்டாரண்ட் வந்திருக்காமே," என்றேன். அவளே அந்த வாரம் இரண்டு தடவை அதைப் பற்றிச் சொல்லியிருந்தாள். "ஞாயித்துக்கிழமை மதியம் பென்சிலையும் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுப் போலாமா?"

வெளிச் சாப்பாடு என்றாலே முகத்தைச் சுளிக்கிறவள், "போலாமே," என்றாள், மறுபேச்சில்லாமல். நானே போன் பண்ணி நாலு பேருக்கு இடம் பிடித்தேன். இப்படி ஒரு மூளையை மண்ணுக்குக் கொடுக்கப்போகிறோமே என்று வருத்தமாக இருந்தது.

ரெஸ்டாரண்ட் ரொம்ப ஸ்டைலாக இருந்தது. சுவர்களுக்குப் பூச்சே கிடையாது, செங்கல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவரும் அப்படித்தான். அதற்குப் பேர் ஸ்டைல் என்று தெரியாமல் கொத்தனாரைத் தேடிக்கொண்டிருந்தோம். வெளியே பட்டப்பகல். உள்ளே திரை போட்டு இருட்டாக்கி, அந்த இருட்டைப் போக்க மேஜைக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. என் நிலைமைக்கு அந்த இடம் ரொம்பப் பொருத்தமாகப் பட்டது.

மெனு அட்டையில் பதினோரு பிழைகள் இருந்தன. சாகிற நேரத்திலும் தொழில் புத்தி போகவில்லை. சாப்பாடு வந்தது. தட்டு குடை அளவு. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மீன், அதன் மேல் ஒரு பச்சை இலை, மலர்வளையம் வைத்த மாதிரி.

"மீனு எங்கங்க?" என்றாள் என் மனைவி.

"இலைக்குக் கீழ படுத்திருக்கு பாரு."

"பாவம், தூங்கட்டும். எழுப்ப மனசு வரல," என்றாள். மேஜையே சிரித்தது. இவளை விட்டுவிட்டுப் போகவேண்டுமே என்று நினைத்துக்கொண்டே நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் தங்கச்சி எழுந்து, "கை கழுவிட்டு வரலாமா?" என்றாள். இரண்டு பெண்களும் சேர்ந்து போனார்கள். எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

"பென்சில், ஒண்ணு சொல்லணும்டா. அதிர்ச்சி ஆகக் கூடாது."

"சொல்லுடா."

"வயித்துல ஒரு கட்டி."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "தெரியும்டா," என்றான்.

"எப்படித் தெரியும்?"

"உன் வீட்டுக்காரிதான் சொன்னா. போன வாரமே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படிடா இருக்கும்?"

அதுவும் நியாயம்தான். இத்தனை வருஷமாக என் சட்டைப்பையைச் சோதனை போட்டவள், வயிற்றையும் போட்டுவிட்டாள்.

"ரொம்ப தைரியமா இருக்காடா," என்றான் பென்சில்.

"அவளுக்கென்னடா, இருப்பா. அவளா கஷ்டப்படப் போறா?"

பென்சில் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "டேய், புதன்கிழமை ஆபரேஷனை வெச்சுக்கிட்டு..."

"புதன்கிழமை ஆபரேஷனா! என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? எனக்குப் புதன்கிழமை முடியாதுடா. ஆண்டு மலர் அச்சுக்குப் போகுது."

"நீயெல்லாம் மனுஷனாடா?"

"எனக்குப் பயமா இருக்குடா பென்சில். சின்ன ஆபரேஷன்தானே? கட்டியை மட்டும்தானே எடுப்பாங்க?"

அவன் கொஞ்சம் இளகினான். என் தோளில் கை வைத்தான். "இல்லடா. கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்துடுவாங்களாம்."

"எனக்கு ஏதுடா கர்ப்பப்பை?" என்றேன்.

பென்சில் என் தோளிலிருந்து கையை எடுத்தான். என்னையே பார்த்தான். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. நான் கேட்டது எனக்கே மெதுவாகக் காதில் விழுந்தது.

தமிழில் இந்த ஒரு சௌகரியம் உண்டு. யார் என்று சொல்லாமலே ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடித்துவிடலாம். எழுவாயே தலைகாட்டாவிட்டால் இலக்கணத்தில் அதற்குத் தோன்றா எழுவாய் என்று பேர்கூட உண்டு. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் எழுதிய வாக்கியங்களின் ஓரத்தில் சிவப்பு மையால் 'யார்?' என்று எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். வயிற்றில் கட்டி என்று ஒருத்தி போனில் சொன்னபோது, 'யாருக்கு?' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. உலகத்தில் வயிறு என்றால் அது என் வயிறுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் அது உறுத்திக்கொண்டே இருக்கும். விஷயம் புரிந்ததும் முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. 'அப்பாடா' என்று இருந்தது. ஒரு வினாடிதான். அந்த ஒரு வினாடிக்கு இன்றுவரை எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெண்கள் திரும்பி வந்தார்கள். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பென்சில் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களாண்ணா?"

"நான் எங்கம்மா சொன்னேன்? அவனே தோண்டி எடுத்துக்கிட்டான்."

அவள் உட்கார்ந்து மடியில் துணியை விரித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அந்தச் சனிக்கிழமை. நீங்க வரலன்னு என் நம்பருக்குப் போன் பண்ணாங்க. 'உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னோமே மேடம், ஐயோன்னுட்டு வெச்சுட்டாரு'ன்னாங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்."

நான் தியாகம் என்று பேர் வைத்து மூடி வைத்திருந்தது அவளுடைய கட்டியை. ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னை மட்டும் நம்பியிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"தெரிஞ்ச உடனே என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத்தான் ஏற்கனவே தெரியுமே! அதனாலதான் துடைப்பத்தைப் புடுங்குறீங்க, பாத்திரம் தேய்க்கறீங்க, எனக்காகத்தான் எல்லாம்னு நெனச்சேன். ரெண்டு நாள் எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? வயித்துல அவ்ளோ பெரிய கட்டியை வெச்சுக்கிட்டு பஸ்ல சிரிச்சுக்கிட்டே வேலைக்குப் போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்ரூம் கதவு காத்துல தொறந்துச்சு. பனியனைத் தூக்கிக்கிட்டு, உங்க வயித்தை நீங்களே தடவிக்கிட்டு, 'நான் என்ன பாவம் பண்ணேன்'னு அழுதுக்கிட்டிருந்தீங்க."

தங்கச்சி சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே அவளுக்கு அழுகை வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"படுத்திருப்பீங்க," என்று அவளே சொன்னாள். "நான் உங்களுக்கு சூப் வெச்சுக் குடுத்து, தலையைத் தடவி, ஆறுதல் சொல்லி, தூங்க வெச்சுட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நீங்க சாகப்போறதா நெனச்சா நல்லா வேலை செய்யறீங்க. அதான் விட்டுட்டேன்."

"அப்ப இந்த ரெஸ்டாரண்ட்?"

"ரெண்டு வாட்டி உங்க காதுல போட்டேன்ல? வீட்டுல சொன்னா கத்துவீங்க. இங்க கத்த முடியாது."

முடியாதுதான். சுற்றிலும் எல்லோரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

இதுவரை வரிக்கு வரி பதில் வைத்திருந்தவள், மீன் மேல் இருந்த இலையை எடுத்து ஓரமாக வைத்தாள். "எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம்," என்றாள். குரல் அந்த இடத்தில் மட்டும் இறங்கிவிட்டது.

அவள் கையைப் பிடிக்கப் போனேன். தண்ணீர் டம்ளர் சாய்ந்து, மெழுகுவர்த்தி அணைந்து, தண்ணீர் மேஜை முழுக்க ஓடியது. பத்து நாளாக எனக்காக அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஸ்டைலான இடத்தில், பூசாத சுவரெல்லாம் எதிரொலிக்க, வாய் விட்டு அழுதேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறுகிறவர் ஓடி வந்தார்.

"என்ன மேடம் ஆச்சு? சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

என் மனைவி மடியிலிருந்த துணியை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவருக்கு ஒண்ணுமில்ல."